வசந்தத்தில் நடந்து பார்க்க ஒரு ஊர்: டிக்கெட் போடும் முன் அளந்து பாருங்கள்

"நடந்தே பார்த்துவிடலாம்" என்று எல்லா ஊரைப் பற்றியும் எழுதிவிடுகிறார்கள். இத்தாலியின் சின்ன மலையூரான சியன்னாவைப் பற்றி அப்படி எழுதினால் சரி, ஏற்ற இறக்கம் மட்டும் இருக்கும். ரோமைப் பற்றியும் அதே வரியை எழுதுவார்கள். கொலோசியத்திலிருந்து வாட்டிகன் அருங்காட்சியக வாசல் நாலு கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் நடந்து போனபின்தான் உள்ளே நடக்க வேண்டிய நடை ஆரம்பிக்கும்.

அதனால் ஊர்ப் பெயரை நம்பி இறங்க வேண்டாம். பார்த்தே ஆகவேண்டும் என்று நினைக்கும் ஆறேழு இடங்களை கூகுள் மேப்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். தங்க நினைக்கும் இடத்தையும் குறித்து, அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் நடைவழியைப் போட்டுப் பாருங்கள். ஏழில் ஐந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் வந்தால் அந்த ஊர் உங்களுக்கு நடக்கும் ஊர். மூன்றுதான் வருகிறது என்றால் பேருந்து ஊர். அதிலும் தவறில்லை, தெரிந்து போனால் சரி.

மேப் சொல்லும் நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் 80 மீட்டரை ஒரு நிமிட நடை என்று கணக்குப் போடுவார்கள், அதாவது மணிக்கு 4.8 கிலோமீட்டர். மேப்பின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். அது வேலைக்குப் போகிறவரின் நடை. நின்று, நிமிர்ந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு மணிக்கு மூன்று கிலோமீட்டர் வந்தாலே பெரிது. ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். விடுதித் தளங்கள் போடும் "மையத்திலிருந்து 900 மீட்டர்" பெரும்பாலும் நேர்க்கோட்டுத் தூரம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இந்தக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும் ஊர் இத்தாலியின் ஃபுளோரன்ஸ். சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தில் இறங்கினால் துவோமோ என்ற பெரிய தேவாலயம் பத்து நிமிடம். அங்கிருந்து சிஞ்ஞோரியா சதுக்கம் ஐந்தாறு நிமிடம், உஃபிட்சி ஓவிய அருங்காட்சியகம் அதை ஒட்டியே இருக்கிறது. பொந்தே வெக்கியோ பாலத்தைக் கடந்தால் பித்தி அரண்மனை. மிக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியா அருங்காட்சியகம் மட்டும் துவோமோவுக்கு வடக்கே, அதுவும் ஏழெட்டு நிமிடத்தில். எல்லாம் சமதளம். அங்கே கால் வலி வருவது தெருவில் நடந்து அல்ல, துவோமோ குவிமாடத்தின் 463 படிகளில் ஏறித்தான். லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் ஏறவும் முடியாது.

ஜப்பானின் கியோட்டோ இதற்கு நேரெதிர். கியோமிசு-தேரா கோயிலிலிருந்து சன்னென்சாகா, நினென்சாகா தெருக்கள் வழியாக இறங்கி, மருயாமா பூங்கா, யசாகா கோயில் வரை நடப்பது அருமையான அரைநாள். ஆனால் மற்ற பெயர்பெற்ற இடங்களில் கின்காகு-ஜி கோயில் வடமேற்கு மூலையில், ஃபுஷிமி இனாரி கோயில் தெற்கே, அரஷியாமா பகுதி மேற்கு எல்லையில். அது நடக்கும் ஊர்கள் நாலைந்து சேர்ந்த ஒரு ஊர். நாளுக்கு ஒரு மூலை என்று பிரித்துக்கொண்டு, இடையே ரயில் பிடித்தால் இனிக்கும். ஒரே நாளில் இரண்டு மூலைகளைச் சேர்த்தால் பாதி நாள் பேருந்து வரிசையில் போகும்.

தூரத்துக்கு அடுத்தது தண்ணீரும் மேடும். இவை இரண்டும் மேப்பில் சட்டென்று தெரியாது. வெனிஸின் பெருங்கால்வாய் ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் நீளம், அதன் மேல் பாலங்கள் நாலே நாலுதான். கரையில் பலாத்சோ கிராஸி மாளிகை வாசலில் நின்றால் எதிர்க்கரையில் கா ரெத்சோனிகோ மாளிகை கண்ணெதிரே தெரியும், ஆனால் நடந்து போக அக்காதேமியா பாலத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். கார் இல்லாத ஊர் என்பதும், நேராகப் போகக்கூடிய ஊர் என்பதும் வேறு வேறு.

மேட்டுக்கு உதாரணம் போர்ச்சுகலின் லிஸ்பன். நடுவூரான பாய்ஷா பகுதி தட்டையாக இருக்கும், இருபக்கமும் குன்று. மேப்பில் 600 மீட்டர் என்று காட்டுவது நேரில் படிக்கட்டு. நடைபாதையில் பதித்திருப்பதோ சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல், காலங்காலமாகத் தேய்ந்து மின்னுவது. ஒரு தூறல் போட்டால் வழுக்கும், இறக்கத்தில் இன்னும் மோசம். ஏறும் வேலையை ஊரிடமே விட்டுவிடலாம்: பாய்ஷாவிலிருந்து கோட்டைப் பக்கம் ஏற மாநகராட்சியின் இலவச லிஃப்டுகள் இருக்கின்றன. ஷியாதோ மேட்டுக்கு பாய்ஷா-ஷியாதோ மெட்ரோ நிலையத்தின் எஸ்கலேட்டர்களே போதும். மற்ற ஊர்களுக்கு ஒரு வழி: மேப்ஸில் அதே பாதையை சைக்கிளுக்கு மாற்றிப் பாருங்கள், பல ஊர்களில் ஏற்ற இறக்கக் கோடு வரும். பிறகு ஸ்ட்ரீட் வியூவில் தங்கும் தெருவை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். படிக்கட்டு அதில் ஒளிந்துகொள்ள முடியாது.

வயதானவர்களோடு போகிறீர்களா? பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஸ்லோவேனியாவின் தலைநகர் லூப்லியானாவை யோசியுங்கள். நடு ஊருக்குள் கார்கள் கிடையாது. நடக்க முடியாதவர்களைக் கவலிர் என்ற சின்ன மின்வண்டிகள் இலவசமாக ஏற்றிக்கொண்டு போகும். கட்டடக் கலைஞர் யோஜே ப்லெச்னிக் இந்த ஊரில் செய்தவை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அவருடைய முப்பாலத்தில் நின்றாலே பழைய ஊர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கோட்டைக்கும் கயிற்று ரயில் உண்டு.

இனி நாட்காட்டி. வசந்தகாலப் பயணங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். உஃபிட்சியும் அக்காதேமியாவும் பித்தியும் திங்கட்கிழமை மூடியிருக்கும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, ஆகவே ஒன்று மூடினால் மற்றதற்குப் போகலாம். மாட்ரிடில் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்தான் விடுமுறை. ஞாயிறு இரவு ஃபுளோரன்ஸில் இறங்கி செவ்வாய் காலை கிளம்புகிறவர், மூன்று பெரிய வாசல்களையும் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்படி மாட்டிக்கொண்டால் திங்களைத் தேவாலயங்களுக்கு ஒதுக்குங்கள்: சாந்தா குரோச்சே, சாந்தா மரியா நொவெல்லா.

ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. மறுநாள் திங்களும் பல நாடுகளில் விடுமுறை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஸ்பெயினின் செவில்லில் மத ஊர்வலங்கள் தெருக்களை மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். அதைப் பார்க்கவே போகிறவருக்கு அதைவிட நல்ல வாரம் இல்லை. அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவருக்கு அதைவிட மோசமான வாரம் இல்லை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளுவார்கள். 2027இல் அது ஈஸ்டர் ஞாயிறன்றே வருகிறது, அன்று காலை ரயில் பிடிப்பவர்கள் கவனம். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஃபுளோரன்ஸில் ஏழரை மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால், நடப்பதற்காகப் போகிறவர்கள் மாற்றத்துக்கு அடுத்த வாரங்களையே எடுப்பது நல்லது.

இன்னும் சில தேதிகள்: ஏப்ரல் 25 இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் தேசிய விடுமுறை. ஏப்ரல் 27 ஆம்ஸ்டர்டாமில் அரசர் தினம், ஊரே தெருவில் இருக்கும். மே 1 அன்று லூவ்ரும் மாட்ரிடின் பிராதோ அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானில் பொன்வாரம் என்ற தொடர் விடுமுறை, உள்நாட்டுக்காரர்களே பயணம் கிளம்பும் நேரம். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டைப் பார்க்க வேண்டுமானால், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டை ஒவ்வொரு செவ்வாயும் இணையத்தில் திறப்பார்கள். வாசலில் போய் வாங்க வழியில்லை.

வசந்தம் என்றால் பூ மட்டுமல்ல, மழையும்தான். மாத சராசரி வெப்பநிலை என்ற ஒற்றை எண் எதற்கும் உதவாது. மதிய உச்சம், இரவுக் குறைவு, மழை நாட்களின் எண்ணிக்கை, இந்த மூன்றையும் பாருங்கள். செவில்லில் மே மாத மதியம் வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும், அப்போது நடக்கும் நேரம் காலையும் மாலையும் மட்டும். மழைக்குப் பயப்படுகிறவருக்கு என் ஓட்டு இத்தாலியின் பொலோன்யாவுக்கு. அந்த ஊரில் தெருவோரம் தூண் வைத்துக் கூரையிட்ட நடைகள் மொத்தம் 62 கிலோமீட்டர். அவையும் 2021இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. குடையை விரிக்காமலே ஊரின் பெரும்பகுதியைச் சுற்றலாம். சான் லூகா குன்றுக்குப் போகும் நடை மட்டும் 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள், கடைசிப் பாதி நல்ல ஏற்றம். இரட்டைக் கோபுரத்தில் ஏறலாம் என்று பழைய குறிப்புகளில் பார்த்தால் நம்பிவிடாதீர்கள். இரண்டில் அதிகமாகச் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரத்தை 2023 அக்டோபரில் சுற்றி அடைத்தபோது பக்கத்துக் கோபுரத்தில் ஏறுவதும் நின்றுவிட்டது.

ஒரு நாளைக்கு எவ்வளவு? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள், பெரிய அருங்காட்சியகம் நாளுக்கு ஒன்று. தெருவில் இரண்டு மணிநேரம் நடப்பதைவிட அருங்காட்சியகத்தில் இரண்டு மணிநேரம் நிற்பது கால்களைக் கூடுதலாகக் கொல்லும். பாஸ்டன் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே இதை எழுதிவைத்தார். ஒருவரைக் குனியவைத்து, எட்டிப் பார்க்கவைத்துப் படமெடுத்து, காட்சிப்பொருள்களை வைத்திருக்கும் விதமே உடம்பை வாட்டுகிறது என்று காட்டினார். காலை திறந்தவுடன் அருங்காட்சியகம், மதியம் ஓய்வு, மாலையில் நடை என்று வைத்துக்கொண்டால் அந்த அலுப்பு தெருநடையைக் கெடுக்காது. மதியம் அறைக்கு வந்து முக்கால் மணிநேரம் படுத்துவிட்டுப் போக முடிவதற்காகத்தான் நடுவூரில் தங்குவதற்குக் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் வேண்டாம். இரண்டு வாரமாவது போட்டுப் பழகியது, அடிப்பாகம் ரப்பராக இருப்பது, கல்தெருவுக்கு அது போதும். பெட்டியின் சக்கரத்துக்கும் கல்தெருவுக்கும் ஒத்துப்போகாது, வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி வேறு. அங்கே அறை எடுக்கும் முன் விடுதிக்காரரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: படகு நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை பாலம்? ஒன்று என்றால் எடுத்துக்கொள்ளலாம். மூன்று என்றால் பெட்டியை வைத்துவிட்டு முதுகுப்பையோடு போங்கள்.