215/75 ஆர்15: எண் ஒன்று, உயரம் இரண்டு

ஒருவழியாக மூன்று டயரையும் அளந்து முடித்துவிட்டேன். என் ஜிம்னியோடு (மாருதியின் சிறிய 4x4 வண்டி) வந்த 195/80 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம்), நண்பரிடம் இரவல் வாங்கிய 215/75 ஆர்15 ஏ/டி (ரோடு, மண் இரண்டுக்குமான ஆல்-டெரைன்), நான் வாங்கிய அதே 215/75இல் எம்/டி (சேற்றுக்கான மட்-டெரைன்). மூன்றும் ஜிம்னியின் ஐந்தரை அங்குல ரிம்மில், 30 பிஎஸ்ஐ காற்றில். கணக்குப்படி முதல் டயரின் விட்டம் 693 மி.மீ., மற்ற இரண்டுக்கும் 703.5. அளந்தால் 690, 697, 708 என்று வருகிறது. ஒரே எண் போட்ட இரண்டு டயருக்கு நடுவில் 11 மி.மீ.! வேறு எண் போட்ட பழைய டயருக்கும் ஏ/டிக்கும் நடுவில் 7தான். "215ன்னா 215தான் சார்" என்று கடையில் அடித்துச் சொன்னார்கள்.

டயரின் பக்கவாட்டில் இருப்பது பெயரளவு எண். தரநிலையே அதற்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் விடுகிறது. அதோடு பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) ஆழம்: நான் அளந்த ஏ/டியில் 10 மி.மீ., எம்/டியில் 14. மேலே 4, கீழே 4 என்று விட்டத்தில் 8 மி.மீ. அங்கேயே வந்துவிடுகிறது. அங்குலக் கணக்கு டயர்களிலும் இதே கதைதான். விட்டம் 31 அங்குலம் என்று போட்டிருப்பதை அளந்தால் பெரும்பாலும் அரை அங்குலம் வரை குறைகிறது.

அளப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டயரைச் சுவரில் சாய்த்து, குறுக்கே டேப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். சுற்றளவை எடுத்து 3.1416ஆல் வகுப்பதே சரி. அதிலும் இரும்பு டேப் வளைவில் ஒட்டாமல் எழும்பும், தையல் டேப் நீளம் போதாது, எம்/டியின் இடைவெளிகளில் தொய்ந்தும் போகும். எனக்குக் கைகொடுத்தது அட்டைப் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை. விறைப்பாக இருப்பதால் பட்டனுக்குப் பட்டன் பாலமாக நிற்கும். நட்டநடுவில் சுற்றி, சந்திக்கும் இடத்தில் பிளேடால் கீறி, தரையில் நீட்டி அளந்தேன். புது டயர் காற்றடித்தபின் கொஞ்சம் விரியும். அதனால் ஒரு நாள் விட்டு, காலையில் வெயில் ஏறுமுன் காற்றைத் திரும்பச் சரிபார்த்துவிட்டு அளப்பது நல்லது.

அப்புறம் உருட்டல். வண்டியின் எடை டயர் மேல் இருக்கும்போது எடுக்கும் அளவு இதுதான். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, நியூட்ரலில் ஐந்து சுற்று நேராகத் தள்ளி, தூரத்தை ஐந்தால் வகுக்க வேண்டும். ரேடியல் டயர் ஒரு சுற்றில் போகும் தூரம் விட்டத்தைப் போல் 3.14 மடங்கு வராது, 3.05 மடங்குதான் வரும். எனக்குக் கிடைத்ததும் அதை ஒட்டியே: ஏ/டி 2,126 மி.மீ., எம்/டி 2,159. ஒரு கிலோமீட்டருக்கு ஏ/டி 470 சுற்று, எம்/டி 463. ஜிம்னியில் சென்டர் டிஃபரென்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பாகம்) கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச்-இல் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். முன்னால் ஏ/டி, பின்னால் எம்/டி என்று போட்டால் அந்த ஏழு சுற்று சேற்றில் வழுக்கிக் கழிந்துவிடும். காய்ந்த பாறையில் கழிய வழியில்லை. கியர் பாக்ஸ் முறுக்கேறும், லீவர் 4எச்-ஐ விட்டு வெளியே வர மறுக்கும். எண் ஒன்றுதானே என்று கலந்து போடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

அகலத்துக்குக் கொத்தனார் மூலைமட்டம் இரண்டு போதும். 215/75இன் அகலம் ஆறு அங்குல ரிம்மில் வைத்துச் சொல்லப்படுவது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். எம்/டி எனக்கு 209 காட்டியது. ஆனால் தோளில் துருத்தும் பட்டனோடு சேர்த்தால் 216. முழு ஸ்டீயரிங்கில் உரசுமா என்று பார்க்க வேண்டியது இந்த 216ஐ வைத்துத்தான்.

215/75 ஆர்15 பொலேரோவின் அளவு என்பதால் சாதா டயர் எந்த ஊரிலும் கிடைக்கும். எம்/டி கேட்டால்தான் ஆர்டர் போடுவார்கள். வந்ததும் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்த ஆசை 235/75. கணக்குப்படி 733.5. வண்டியோடு வந்த 195ஐவிட விட்டம் 40 மி.மீ. ஏறினாலும் வண்டி உயர்வது பாதிதான், 20. ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துக் காட்டும். அதற்கு ஆறு அங்குல ரிம்மாவது வேண்டும், ஐந்தரையில் திணிக்க எனக்கு மனசில்லை. ஆக, முதலில் ரிம்.

அதற்கும் முன்னால் ஐந்தாவது எம்/டி வந்தாக வேண்டும். பின்கதவில் இன்னும் 195தான் தொங்குகிறது. பின்னால் பஞ்சர் ஆனால் முன் டயர் ஒன்றைப் பின்னால் மாற்றி, 195ஐ முன்னால் மாட்டி, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்-இலேயே கடை வரை ஓட்ட வேண்டியதுதான்.