படலையடியில் வரும் நோயாளி

வன்னியில் கோழிக்காக யாரும் கால்நடை உத்தியோகத்தரை அழைப்பதில்லை. மாட்டுக்குத்தான் அழைப்பார்கள். கன்று ஈனச் சிரமப்படும் பசு, மடி வீங்கிய பசு, காட்டிலிருந்து காயத்தோடு திரும்பிய நாம்பன் என்று ஏதாவது இருக்கும். வேலை முடிந்து, கை கழுவி, தேநீரும் குடித்து, மோட்டார் சைக்கிளை உதைக்கும் நேரத்தில்தான் படலையடியில் குரல் வரும்: "தம்பி, இந்தப் பேட்டுக் கோழியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்."

மாட்டைக் காட்டும்போது முன்னால் நிற்பவர் பெரும்பாலும் வீட்டு ஆண். கோழியைக் காட்டுபவர் பெண். முட்டை விற்ற காசு அவருடைய கையில் நிற்கும் காசு. பிள்ளையின் கொப்பியும் பஸ் காசும் அதிலிருந்துதான் வரும். 2009 இற்குப் பின்னர் மீளக்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவற்றில் கோழிக்குஞ்சுகளும் இருந்தன. கணவனை இழந்த பெண்கள் நடத்தும் வீடுகளில் அந்தக் குஞ்சுகளின் வழிவந்த கோழிகள் இன்னும் கிளறிக்கொண்டு திரிகின்றன. ஒரு கோழியின் விலையையும் நான் ஓடிவந்த பெற்றோலின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வைத்தியம் கட்டுப்படியாகாது என்று அலுவலகத்தில் சிலர் சொல்வார்கள். கணக்குச் சரிதான். ஆனால் அது பெற்றோலுக்குக் காசு கொடுப்பவரின் கணக்கு.

கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. சோர்வைக் காட்டினால் கூட்டத்தில் மற்றவை கொத்தும். கீரியும் பருந்தும் அதைத்தான் முதலில் குறிவைக்கும். அதனால் இயலும்வரை நிமிர்ந்து நின்று இரை பொறுக்குவதுபோல் பாவனை செய்யும். "நேற்று மாலை நன்றாகத்தான் நின்றது" என்று வீட்டுக்காரர் சொல்வது பொய்யல்ல. இறகு சிலிர்த்து, கண்மூடித் தூங்கி விழும் நிலையில் நம் கண்ணில் படும்போது நோய் உள்ளே வெகுதூரம் போயிருக்கும்.

ஆகவே, கோழியைப் பிடித்துக்கொண்டு வர ஓடும் சிறுவர்களை முதலில் நிறுத்துவேன். துரத்திப் பிடித்த கோழி எதையும் சொல்லாது. பயத்தில் கண் விரியும், மூச்சு வாங்கும், கொண்டைகூட நிறம் மாறும். தூரத்தில் வேப்பமர நிழலில் நின்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்திருக்கிறதா, நடை எந்தக் காலில் தடுமாறுகிறது, அரிசி எறிந்தால் ஓடி வருகிறதா, வந்தும் கொத்தாமல் நிற்கிறதா என்பவை கையில் எடுத்த பிறகு தெரியாதவை.

கையில் எடுத்ததும் முதலில் விரல் போவது நெஞ்செலும்புக்கு. இருபுறமும் சதை வற்றி எலும்பு கத்திமுனைபோல் துருத்தினால், வீட்டுக்காரர் "இன்றுதான்" என்று சொன்னாலும் நோய்க்கு வாரக்கணக்கில் வயது. அடுத்து, தின்ற இரை முதலில் தங்கும் கழுத்தடி இரைப்பை. அதை அதிகாலையில் தொட்டுப் பார்ப்பதே சரி. இரவில் இரை எல்லாம் கீழே இறங்கிவிடுவதால் விடியும்போது பை வெறுமையாக இருக்க வேண்டும். விடிந்தும் பந்துபோலக் கட்டியாக இருந்தால் அங்கே ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் நீண்ட புல்லோ, உரப்பையின் நைலோன் நாரோ. காலபோக அறுவடை முடிந்து உரப்பைகள் முற்றமெங்கும் கிழிந்து கிடக்கும் காலத்தில் இதைச் சந்தேகிக்காமல் இருக்கவே முடியாது. முட்டை தடைப்பட்ட பேடு வேறு மாதிரி. வாலைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி நின்று முக்கிக்கொண்டிருக்கும். அதை இளஞ்சூட்டு நீரில் கால்மணி நேரம் இருத்தி, இருட்டான மூலையில் விட்டாலே பல தடவை முட்டை வந்துவிடும். வயிற்றை அழுத்திப் பிதுக்குபவர்களிடம் மட்டும் எனக்குக் கோபம் வரும். உள்ளே முட்டை உடைந்தால் கோழி தப்புவது அரிது.

எச்சத்தைப் பார்க்காமல் எந்த முடிவும் சொல்வதில்லை. பலர் "கழிச்சல்" என்று காட்டுவது கழிச்சலே அல்ல. கோழிக்குப் பெருங்குடலோடு இரண்டு குருட்டுக்குடல்கள் உண்டு. அவை நாளில் சில தடவை, மண்ணிறத்தில், பசைபோல, நாற்றத்தோடு தனியாகக் கழிக்கும். அது ஆரோக்கியத்தின் அடையாளம். பச்சை நிறத் தண்ணீர்க் கழிச்சலும், குஞ்சுகளின் இரத்தக் கழிச்சலும்தான் கவலைக்குரியவை. இரத்தக் கழிச்சல் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வரும் நோய். அந்தக் கிருமியின் முட்டைகள் ஈரமும் சூடும் உள்ள நிலத்தில் ஓரிரு நாளில் நோய் கொடுக்கும் பருவத்தை அடைந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு மசியாது. அங்கே மருந்து பாதி வேலைதான். மீதி, கூட்டுக்குள் உமியையோ மரத்தூளையோ மாற்றிப் போட்டு நிலத்தை உலர வைப்பதில் இருக்கிறது. அதே மழையில் நுளம்பு பெருகும். நுளம்போடு அம்மை வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கண்டதும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுகிறார்கள். பூசட்டும், கெடுதல் இல்லை. வாய்க்குள் வெண்படலம் படர்ந்து மூச்சு அடைபடுகிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வளவும் கோழியைப் பார்த்துச் சொல்லக்கூடியவை. முற்றத்தைப் பார்த்தால்தான் விளங்கும் நோய்களும் உண்டு.

தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் ஒரு வீடு. மழை ஓய்ந்து வெயில் ஏறிய மாசி மாதம். பெரிய கோழிகள் சில கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தன, ஒன்று செத்திருந்தது. வீட்டு அம்மா "கோழிநோய்தான்" என்று முடிவு கட்டியிருந்தார். அவர் சொன்னது, வைரசால் வேகமாகப் பரவும் ராணிக்கெட் நோயை. பக்கத்து வீட்டார் தங்கள் கோழிகளைக் கரப்புக்குள் அடைத்துவிட்டார்கள். கூடை கட்டிய மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரி, மிச்சமுள்ளவற்றை அரைவிலைக்குக் கேட்டு அதற்குள் வந்து போயிருந்தார். இந்த வியாபாரிகள்மீது எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை; ஆனால் ராணிக்கெட் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் நல்ல வாகனம் அந்தக் கூடைதான்.

ராணிக்கெட்டில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தலை முதுகுப்பக்கம் திரும்பும், இறக்கை நடுங்கும், மூச்சு இழுக்கும். இங்கே கழுத்து முறுகவில்லை, தளர்ந்து தொங்கியது. தூக்கிவிட்டால் விழுந்தது. கண்ணிமை பாதி மூடியிருந்தது. பச்சைக் கழிச்சல் இல்லை. இறகை இலேசாகத் தொட்டாலே கையோடு வந்தது. எல்லாவற்றையும்விட, தாயோடு திரிந்த குஞ்சுகள் சிறு குறையும் இல்லாமல் கிளறிக்கொண்டிருந்தன. ராணிக்கெட் குஞ்சுகளை விட்டுவைப்பதில்லை. வேலி தாண்டிப் போகக்கூடிய பெரிய கோழிகள் மட்டும் விழுந்திருந்தன.

செத்த கோழியை வெட்டிப் பார்க்க அம்மா முதலில் விடவில்லை. "செத்ததை ஏன் தம்பி சித்திரவதை செய்கிறீர்கள்?" என்றார். இந்தத் தயக்கத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வற்புறுத்தாமல் காத்திருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். கையுறை போட்டு வேலியோரத்தில் திறந்தேன். இரையை அரைக்கும் கற்குடலுக்கு முன்னால் உள்ள சுரப்பிப் பையில், ராணிக்கெட்டில் அடிக்கடி காணும் இரத்தப் புள்ளிகள் இல்லை. இரைப்பையைக் கீறியதும் புழுக்கள். நெளிந்துகொண்டிருந்தன.

அம்மாவின் பேரனை அழைத்துக்கொண்டு பின்வேலியைத் தாண்டினோம். பக்கத்துக் காணி யுத்தத்துக்குப் பின் திருத்தப்படாமல் பற்றைக்காடாகக் கிடக்கிறது, காணிக்காரர் கனடாவில். பற்றைக்குள் ஒரு காட்டுப்பன்றி அழுகிக் கிடந்தது. எங்கோ அடிபட்டு அங்கே வந்து விழுந்திருக்க வேண்டும். அழுகும் உடலில் வளரும் பொட்டுலிசக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. புழுவை விரும்பித் தின்னும் கோழிக்கு முதலில் கால் தளரும், பிறகு இறக்கை, பிறகு கழுத்து, கடைசியில் மூச்சு. கோழிக்கு இதைவிடச் சுவையான விருந்து கிடையாது என்பதுதான் கொடுமை.

மருந்துப் பெட்டியில் இதற்கு மாற்று மருந்து ஒன்றும் இல்லை. அம்மா முந்திய நாளே மருந்துக்கடையில் வாங்கிய, மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லிக் கப்சூலைப் பிரித்துச் சோற்றில் கலந்து கொடுத்திருந்தார். ஏற்கெனவே உடலில் ஏறிய நஞ்சுக்கு அதனால் பயன் இல்லை. முட்டைக்குள் அது மிச்சமாக இறங்கினால், தின்னும் பிள்ளைக்குத்தான் சங்கடம். விழுங்க முடிந்த கோழிகளுக்கு எப்சம் உப்பு கலந்த தண்ணீர் கொடுத்துக் குடலைக் கழுவினோம். பிறகு நிழலில் சாக்கு விரித்து, கழுத்துக்கு அணை கொடுத்து, ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலைத் துளித்துளியாக அலகின் ஓரத்தில் விட்டோம். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு நாளைத் தாண்டும் கோழி பெரும்பாலும் எழுந்துவிடும். தாண்டுவதற்கு யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் இரவும் பகலும் பேத்தி இருந்தாள்.

பன்றியை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். அதற்கு முன் அதன் படம் வட்ஸ்அப்பில் கனடாவுக்குப் போயிற்று. காணி துப்புரவாக்கக் காசு வந்தது என்று பின்னர் கேள்விப்பட்டேன். தளர்ந்து கிடந்தவற்றை அறுத்துக் கறி வைக்கலாமா என்று வியாபாரி மீண்டும் வந்து கேட்டாராம். கூடாது என்று நான் சொல்லிவிட்டு வந்ததை அம்மா அவரிடம் என்னைவிடக் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். விழுந்தவற்றில் ஒன்று தவிர மற்றவை எழுந்து நடந்தன.

அதற்குப் பிறகுதான் அவர் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்டார். எங்கள் பெரிய தொல்லை அதில்தான் இருக்கிறது. ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவர வேண்டும். கரைத்த போத்தலைச் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு போத்தலில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு மருந்து இருக்கும். ஒரு வீட்டில் இருப்பதோ பத்துக்குள். அதுவும் முருங்கையிலும் பலாவிலும் ஏறித் தூங்கும் கோழிகள்; இறங்கி மேயப் போகுமுன் இருட்டோடு பிடிக்க வேண்டும். நோய் வந்த பிறகு விட்டால் பயனில்லை, காப்பு உருவாக ஓரிரு வாரம் எடுக்கும். அம்மா ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி, ஒரு விடியற்காலையில் எல்லாக் கோழிகளையும் தன் முற்றத்துக்கு வரவழைத்துவிட்டார். கண்ணில் ஒரு சொட்டு, அடுத்த கோழி, அடுத்தது என்று வெயில் ஏறுமுன் போத்தலில் பெரும்பகுதி முடிந்தது. கோழியைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வர வேண்டாம் என்று மட்டும் எத்தனை தடவை சொல்லியும் யாரும் கேட்கவில்லை.