நட்டோ, மோளே?

செப்டம்பர் 6, 2021
பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடியணும் என்று இந்த இஸ்ரேல் வீட்டுக்கார அண்ணன் காலையிலிருந்து தோட்டத்திலேயே நின்றார். சூரியன் விழுந்தால் ஏழாம் வருஷம், யூதர்கள் நிலத்துக்கு ஓய்வு விடுகிற வருஷம், பிறந்துவிடும். விதைக்கக் கூடாது, திராட்சைக் கொடி நறுக்கக் கூடாது. பைபிளில் லேவியராகமம் 25-ஐ ஊரில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அதற்காக ஒருத்தர் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து உள்ளே வைப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

விளக்கேற்றின பிறகு, நான் பார்த்துக்கொள்கிற அம்மச்சி மலையாளத்தில் கேட்டார்: "கறிவேப்பில நட்டோ, மோளே?"

செப்டம்பர் 9
இன்று மூன்று தடவை கேட்டார்.

செப்டம்பர் 14
தாய்மரத்தின் அடியில் வேர்க்கன்று ஒன்று விட்டிருக்கிறது, ஒரு சாண் உயரம். அதைப் பெயர்த்து அடுக்களைச் சன்னல் பக்கம் வைக்கணும், அவ்வளவுதான் அம்மச்சி கேட்பது. நான் மார்த்தாண்டத்துக்காரி, யூதப் பெண் இல்லை. ராத்திரி யாருக்கும் தெரியாமல் நட்டால் எனக்கு என்ன பாவம்? அண்ணனிடமே கேட்டுவிட்டேன். அவருக்கு மலையாளம் பாதி, எனக்கு எபிரேயம் பாதி. "ஓய்வு உனக்கோ எனக்கோ இல்லை, நிலத்துக்கு" என்றார். படுத்தும் தூக்கம் வரவில்லை. 81 வயது. ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வது யாரிடம்?

அக்டோபர் 3
ஆகஸ்டில் எரிந்த மலையைப் பார்க்கணும் என்றார். அண்ணன் காரில் ஏற்றிப் போனார். கண்ணுக்கு எட்டின வரை கரி. 1954-இல் கொச்சிப் பக்கத்திலிருந்து இந்த மெசிலத் சியோன் கிராமத்துக்கு வந்து இறங்கியபோது அம்மச்சிக்கு 14 வயது. வந்த புதிதில் கூலி வேலையே இந்த மலைகளில் பைன் கன்று நடுவதுதானாம். கல்லைப் புரட்டி, குழி தோண்டி, கன்று வைத்து, காலால் மிதிக்கணும். கார்க் கண்ணாடி வழியாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டே இருந்தார். எதை எண்ணினார் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 12
விழுந்துவிட்டார். இடுப்பு.

ஜனவரி 27, 2022
எருசலேமில் பனி பெய்ததாம். இங்கே எலும்பைத் துளைக்கிற குளிர். கறிவேப்பிலை இலை முழுக்கக் கொட்டிவிட்டது. செடி சாகாமல் காப்பாற்றலாம், அதற்குத் தடை இல்லை. சாக்குப் போட்டு மூடினேன். வேர்க்கன்றுக்கு என் பழைய ஸ்வெட்டர்.

பிப்ரவரி 20
கருகின மலையில் சாம்பலுக்குள்ளிருந்து பைன் கன்றுகள்! விரல் நீளம்கூட இல்லை, ஊசி ஊசியாகப் பச்சை. தீயில் காய் வெடித்து விதை விழுமாம், மழைக்கு முளைக்குமாம். போட்டோ எடுத்து வந்து காட்டினேன். "ஆரா நட்டது?" என்றார். யாரும் நடவில்லை அம்மச்சி என்றேன். ரொம்ப நேரம் போனைக் கையை விட்டுக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 15
பஸ்கா. சக்கர நாற்காலியில் மேசைக்கு வந்தார். ஒரு மலையாளப் பாட்டு பாடினார், மூன்று வரி.

ஆகஸ்ட் 11
தோட்டக் கேட் திறந்தே கிடக்கிறது. இந்த வருஷத் திராட்சைக்குச் சொந்தக்காரர் கிடையாது. யாரோ எவரோ வந்து வீட்டுக்கு வேண்டியதைப் பறித்துப் போகிறார்கள். மிச்சமாகிற பழத்தைக்கூடக் குப்பையில் வீசக் கூடாது. தனிப்பையில் கட்டி வைத்து, அழுகின பிறகுதான் வெளியே போகும். அந்தப் பையைக் கட்டும்போது என் கை தானாகவே மெதுவாகிவிடுகிறது.

அம்மச்சி கன்றைப் பற்றிக் கேட்டுப் பத்து நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 23
இன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன், கன்று முழங்கால் உயரம் வந்தாச்சு என்று. கூரையைப் பார்த்தபடியே இருந்தார். கேளுங்கள் அம்மச்சி. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள்.

செப்டம்பர் 25
இன்று சூரியன் விழுந்ததும் ஏழாம் வருஷம் முடிகிறது. குழி தோண்டிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். அண்ணன் தலையாட்டினார். புது வருஷப் பண்டிகை இரண்டு நாள், அதிலும் தோண்டக் கூடாது. மண்வெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன்.

செப்டம்பர் 26
இரண்டு வாய்க் கஞ்சி.

செப்டம்பர் 27
பண்டிகை முடிய வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியணும். மண்வெட்டி, வாளித் தண்ணீர், ஒரு கூடை எரு, எல்லாம் சன்னலுக்கு வெளியே தயார். கட்டிலை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டாச்சு. கிழக்கே ஒன்று தெரிகிறது. அம்மச்சி கூப்பிடுகிற மாதிரி