செபமாலையோடு வரும் குதிரைகள்

காலை ஏழு மணிக்கு முன்பே தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். தெற்கு ஜெர்மனியில் ராவன்ஸ்பூர்க் நகரை ஒட்டியிருக்கிற ஊர் வைன்கார்ட்டன். ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு மறுநாளை இங்கே ‘இரத்த வெள்ளி’ என்கிறார்கள். அன்று நடக்கும் குதிரைப் பவனிக்கு ‘ப்ளூட்ரிட்’ என்று பெயர். அதைப் பார்க்கவே முந்தின நாளே வந்து தங்கினேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு திருப்பண்டம், அதாவது புனிதமாகப் போற்றிக் காக்கும் ஓர் எச்சம். இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்திய படைவீரர் லாஞ்சினுஸ், அந்த இரத்தத்தைச் சேகரித்து இத்தாலியின் மாந்துவா நகருக்குக் கொண்டுபோனார் என்பது மரபு. அதில் ஒரு பகுதி கைமாறி வந்து, 1094-ல் யூடித் என்ற சீமாட்டியின் கொடையாக இங்கிருந்த பெனடிக்ட் சபை மடத்தைச் சேர்ந்தது. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. அந்தத் துளிக்காக ஓர் ஊரே விடியற்காலையில் எழுந்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதலில் வந்தது குளம்பொலி. அப்புறம் ஒரு பித்தளை வாத்தியக் குழு. அதன் பின்னால் ஊர் ஊராக, கொடி பிடித்து, குழுக் குழுவாகக் குதிரைகள். பிடரி மயிரைப் பின்னி, பூ வைத்திருந்தார்கள். மேலே கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்தவர்கள். பீடச் சிறுவர்கள்கூடக் குதிரையில்தான் வந்தார்கள். மொத்தம் 2,000 குதிரைகளுக்கு மேல். எண்ணிக்கையைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் ஒரு மணி நேரம் ஆகியும் வரிசை முடியாமல் வந்துகொண்டே இருந்தபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று உறைத்தது.

என்னை அசைத்தது கூட்டம் அல்ல. கடிவாளம் பிடித்த கையிலேயே செபமாலை. குதிரைமேல் இருந்தபடி ஒரு பகுதியினர் தொடங்க, மற்றவர்கள் முடித்தார்கள். ஜெர்மன் சொல் எல்லாம் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் ‘அருள் நிறைந்த மரியே’தான். என் உதடும் தானாகத் தமிழில் சொல்லத் தொடங்கியது.

திருப்பண்டத்தை ஏந்திய குரு வந்தபோது தெரு அடங்கிவிட்டது. அவர் அதை உயர்த்தி இரண்டு பக்கமும் ஆசீர் வழங்க, என் பக்கத்திலிருந்த முதியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தார். பவனி அப்படியே ஊரைத் தாண்டி வயல்வெளிக்குப் போனது. வீட்டையும் பயிரையும் சேர்த்தே ஆசீர்வதிக்கிறார்கள்.

பிறகு குன்றின்மேல் இருக்கும் புனித மார்ட்டின் பேராலயத்துக்கு ஏறினேன். 1724-ல் கட்டி முடித்த பரோக் கோயில். உள்ளே ஜன்னல்களைச் சுற்றி வளைத்து, காப்ளர் என்ற ஆர்கன் கலைஞர் அமைத்த பெரிய ஆர்கன். வெள்ளையும் பொன்னுமாக அவ்வளவு வெளிச்சம். ஆனால் பக்கத்து மடத்தில் துறவிகள் இல்லை. 1803-ல் மடத்தைக் கலைத்தார்கள்; 1922-ல் திரும்பி வந்தார்கள்; 2010-ல் ஆள் குறைந்து கிளம்பிவிட்டார்கள். திருப்பண்டத்தை இத்தனை நூற்றாண்டு காத்தவர்கள் இல்லாமலேயே, உழவர்களும் கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாகப் பவனியைத் தொடர்ந்து நடத்துகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இறங்கி வரும்போது, ஒரு வீட்டு ஜன்னலில் மாதா படமும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்த பாட்டி எதையும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. கேட்டேன். “குதிரைகள் இன்னும் வீடு திரும்பவில்லையே” என்றார்.