லோக்கல்ஹோஸ்ட்டால் போன ஒரு வருஷம்

போன கிழமை டேட்டாபேஸ் பரீட்சைப் பெறுபேறு வந்தது. பாஸ். அட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று போனில் பார்த்தேன், அம்மாவுக்குச் சொல்ல எடுத்தால் குரலே வரவில்லை. இது இரண்டாம் தடவை. முதல் தடவை ஏன் போனது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செய்முறைக் கேள்வி தெரிந்ததுதான்: மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சேர்வர் ஏற்கெனவே ஓடும் மெஷினில் இன்னும் இரண்டு தற்காலிக சேர்வர், அவற்றுக்குள் ரெப்ளிகேஷன் (ஒன்றில் எழுதுவது மற்றதான ரெப்ளிகாவுக்குத் தானாக நகலாவது), அதைச் சோதிக்கத் தானாக ஓடும் டெஸ்ட், கடைசியில் துப்புரவு. நான் 3311, 3312 என்று போர்ட் (சேர்வரின் வாசல் எண்) பிரித்து, ரெப்ளிகேஷனுக்கான கட்டளைகளை ஒவ்வொரு சேர்வரின் சொக்கெட் (அதே மெஷினுக்குள் சேர்வரோடு பேசும் ஃபைல்) வழியாகவே கொடுத்தேன், நகலெடுக்கும் இரண்டு த்ரெட்டும் ஓடுவதாக யெஸ் என்று காட்டின. டெஸ்ட் பகுதியில் மட்டும் ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே மெஷின், என்று எழுதிவிட்டேன். லினக்ஸில் அந்தச் சொல்லைக் கண்டால் மைஎஸ்கியூஎல் கிளையன்ட் (சேர்வரோடு இணையும் புரோகிராம்) போர்ட்டைப் பார்ப்பதே இல்லை, நேராக வழக்கமான சொக்கெட்டுக்குப் போய்விடும். அதாவது வழக்கமான 3306 போர்ட்டில் ஏற்கெனவே ஓடிய பழைய சேர்வருக்கே எழுதி, அதிலிருந்தே வாசித்து, பாஸ் என்று காட்டியிருக்கிறது. எங்கள் வீட்டு லேப்டொப்பிலும் ரூட் என்ற தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் இல்லாமல் பழைய சேர்வர் தடுக்காததால் மூன்று மாதமும் அதே பொய்யான பாஸ்தான்.

பரீட்சகர் ரெப்ளிகாவை நிறுத்திவிட்டு, "இப்ப திரும்ப ஓட்டுங்க தங்கச்சி" என்றார். ஓட்டினேன். பாஸ் என்று வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்குக் கை நடுங்கியது.

அதனால் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதுங்கள், அல்லது சொக்கெட் பாதையைக் கொடுங்கள். டெஸ்ட் எதையும் எழுதுவதற்கு முன் இரண்டு சேர்வரிடமும் போர்ட், டேட்டாடிர் (டேட்டா இருக்கும் டைரக்டரி) இரண்டையும் கேட்டு, எதிர்பார்த்தது வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நான் ரெப்ளிகேஷனுக்கு முன்பே இந்தச் சோதனையைத்தான் எழுதுவேன், வேறு யாரும் வேகம் முக்கியம் என்றால் கேட்க மாட்டேன்.

மற்றவை:
- டேட்டா டைரக்டரி, போர்ட், சொக்கெட், பிஐடி (ஓடும் புரோகிராமின் எண்) ஃபைல் நான்கும் ஒவ்வொரு சேர்வருக்கும் தனித்தனி. மைஎஸ்கியூஎல் எட்டாம் பதிப்பில் 33060 என்ற இன்னொரு போர்ட்டும் இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள்.
- ஒரு டைரக்டரியை நகலெடுத்து மற்றதை உருவாக்கினால் ஓட்டோ.சிஎன்எஃப் ஃபைலும் கூட வரும், அதில் உள்ள யூயூஐடி (சேர்வரின் தனி அடையாளம்) இரண்டிலும் ஒன்றாகி ரெப்ளிகேஷன் பிழையோடு நிற்கும். சேர்வர் ஐடி வேறாக இருந்தாலும்தான். இரண்டு பேர் பறித்த தேயிலைக் கொழுந்தை ஒரே பெயரில் பதிந்தால் கணக்கு என்னவாகும்?
- சேர்வரைத் தொடங்கும்போது, வழக்கமான செட்டிங் ஃபைல்களைப் படிக்காதே என்று சொல்லும் நோ-டிஃபோல்ட்ஸ் முதல் ஒப்ஷனாக வர வேண்டும்.
- நகல் வர ஸ்லீப் 5 (ஐந்து செக்கன்) போட்டுக் காத்திருக்காதீர்கள், எழுதியதன் ஜிடிஐடி (ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ள தனி எண்) ரெப்ளிகாவுக்கு வந்து சேரும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன் இருக்கிறது.
- முடிவில் பிஐடி பார்த்து நிறுத்துங்கள், பெயர் சொல்லி எல்லாவற்றையும் கொல்லாதீர்கள். பழைய சேர்வரும் போய்விடும்.

ஒன்று விட்டுப்போச்சு. கண்டியில் பரீட்சை என்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். கினிகத்தேனைப் பக்கம் மழைக்கு ரோட்டில் மண் சரிந்தால் காலை பஸ்ஸை நம்ப முடியாது.