கால்கரி குறிப்புகள்: மார்டன் அத்தியாயம்

நவம்பர் 4

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண அரசியல்வாதி டெட் மார்டன், என் ஆய்வேட்டில் அவரைப் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அக்கா கூப்பிடவில்லை.

நவம்பர் 5

1998இல் கனடா நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு ஆல்பர்ட்டா தானே நடத்திய தேர்தலில் ஜெயித்தவர் மார்டன். செனட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. மாகாணம் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், பதவி கொடுப்பது தலைநகர் ஆட்டவாவில் இருக்கும் பிரதமரின் இஷ்டம், அப்போதைய பிரதமர் கிரெட்டியன் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்துவிட்டு 2004 வரை வெயிட்டிங் லிஸ்டில் கிடந்திருக்கிறார். அவருடைய கொள்கை எதுவும் எனக்கு ஆகாது, ஆனாலும் இன்று பாவமாக இருந்தது.

நவம்பர் 7

மெடிக்கல் டெஸ்ட் ரிசல்ட் திங்கட்கிழமையாம். அக்காவின் வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், குரலில் எதையாவது ஒளிக்கிறாளா என்று.

நவம்பர் 8

தூக்கம் வரவில்லை, ஃபயர்வால் கடிதத்தை எடுத்தேன், ஆட்டவா தலையிடாமல் ஆல்பர்ட்டாவைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பச் சொன்னது. 2001 ஜனவரி, முதல்வர் ரால்ஃப் க்ளைனுக்கு ஆறு பேர் எழுதியது. ஸ்டீஃபன் ஹார்ப்பர், கால்கரி பேராசிரியர்கள் ஃபிளானகன், நாஃப், அப்புறம் நம்ம ஆள். ஆல்பர்ட்டாவுக்குத் தனி பென்ஷன், தனி போலீஸ், வருமான வரியை நாமே வசூலிப்போம். க்ளைன் ஏற்கவில்லை. ஹார்ப்பர் ஐந்தே வருடத்தில் கனடாவின் பிரதமர் ஆகிவிட்டார், அது தனிக் கூத்து.

நவம்பர் 10

ரிசல்ட் வரவில்லை. லேபில் ஆள் இல்லையாம்!

எனக்கு மார்டனிடம் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டே, 2000இல் நாஃபுடன் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். சட்டமன்றத்தில் சாதிக்க முடியாததைச் சில குழுக்கள் கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தைக் காட்டி நீதிமன்றத்தில் சாதிக்கிறார்கள், ஓட்டுக் கேட்டு வராத நீதிபதிகள் கையில் இவ்வளவு அதிகாரமா என்பதுதான் சாரம். சரி. 2004இல் சட்டமன்ற உறுப்பினர், 2006இல் ஆளும் முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சியின் தலைமைப் போட்டியில் முதல் சுற்றில் இரண்டாம் இடம். கடைசியில் இவர் ஓட்டுகளில் பெரும்பகுதி இரண்டாம் விருப்பமாக இன்னொரு போட்டியாளர் ஸ்டெல்மாக்குக்குப் போய் அவர் முதல்வராக, இவர் நிலவள அமைச்சர். அங்கிருந்து 2009இல் கொண்டுவந்த நிலப் பராமரிப்புச் சட்டம் என்ன செய்தது? அமைச்சரவை வட்டாரத் திட்டம் போடலாம், அதற்காக ஏற்கெனவே கொடுத்த உரிமங்களைக்கூட ரத்து செய்யலாம். நீதிபதி அறையில் இருக்கக் கூடாத அதிகாரம் அமைச்சர்கள் அறையில் இருக்கலாமா? தண்ணீர், மேய்ச்சல் நிலம், எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க ஒரு சட்டம் வேண்டும் என்பது நியாயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் கொதித்தது இவருடைய சொந்த ஆட்கள், கிராமப்புற நிலக்காரர்கள். 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் கோபம் முற்றி, 2012இல் செஸ்டர்மியர்–ராக்கி வியூ தொகுதியில் வைல்ட்ரோஸ் என்ற வலதுசாரிக் கட்சி சார்பில் நின்ற ஒரு டிவி செய்தி வாசிப்பாளரிடம் தோற்றார்.

நவம்பர் 11

விடுமுறை. மலையிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான ஷினூக் காற்று, மண்டை இடி.

நவம்பர் 13

பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனால் இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம். ஒன்றுமில்லை என்றால் ஸ்கேன் எதற்கு? அக்காவுக்கும் தெரியவில்லை, கேட்டால் கத்துகிறாள்.

நவம்பர் 14

சிரிக்க ஒன்று கிடைத்தது. மார்டன் அமைச்சராக இருந்தபோது ஃப்ரெடரிக் லீ என்ற பெயரில் தனி மின்னஞ்சல் வைத்திருந்தார் என்று 2011இல் வெளியே வந்தது. அவருடைய முழுப்பெயரே ஃப்ரெடரிக் லீ மார்டன். ஒளிவதற்கும் சொந்தப் பெயரையே பாதியாக வெட்டிக்கொண்ட மனிதர்! அடிக்குறிப்பில் சேர்த்தேன், மேற்பார்வையாளர் எடுக்கச் சொல்வார்.

நவம்பர் 15

டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தியாயத்தின் பட்ஜெட் பகுதி அப்புறம்.