மஞ்சளை நம்பாதீர்கள்

நுவரெலியாப் பக்கத்து ஹோட்டல்களில் சுத்திகரித்த கழிவுநீரை வெளியே விடுமுன் ஓ.டி. (ஓர்த்தோடொலிடின்) என்ற சோதனைத் திரவத்தில் சில சொட்டு விட்டுப் பார்ப்பது வழக்கம். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, பதிவேட்டில் 'சரி'. இந்த வேலையில் பழகியவர்கள் அந்த மஞ்சளை அவ்வளவாக நம்ப மாட்டார்கள்.

காரணம் குளிர்தான். கழிவிலுள்ள அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா 15 பாகையில் சோம்பிப் போகும். ஏப்ரல் சீசனில் அறைகள் நிரம்பும்போது காற்றூட்டும் தொட்டி ஈடுகொடுக்காமல் அமோனியா அப்படியே கடைசித் தொட்டிவரை வந்துவிடும். நாம் போடும் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமீன் ஆகும். ஓ.டி. அதற்கும் மஞ்சள்தான் காட்டும். குளோரமீனும் கிருமியைக் கொல்லும், ஆனால் மிக மெதுவாக. வைரஸுக்கு அரை மணி நேரம் போதவே போதாது. டி.பி.டி. என்ற சோதனை வில்லைகளில் 1ஆம் வில்லை, அமோனியாவோடு சேராத கட்டற்ற குளோரினைக் காட்டும். அதே குழாயில் 3ஆம் வில்லையையும் போட்டால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் குளோரமீன்; அது பெரிதானால் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிக்கொண்டே போவது வீண். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க நடைமுறையில் சுமார் 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும். முதலில் தொட்டிக்குக் காற்றூதும் புளோவரைப் பாருங்கள்.

கணக்கு கடினமில்லை. நாளுக்கு 50 கனமீற்றர், லீற்றருக்கு 8 மில்லிகிராம் என்றால் 400 கிராம் குளோரின். 30 வீத பிளீச்சிங் பவுடரில் 1.3 கிலோவுக்குச் சற்று மேல். வாய் திறந்த மூட்டை இந்த ஈரக்காற்றில் வீரியம் இழக்கும், அப்போது கணக்கும் பொய்க்கும். கரைத்ததைத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். சுண்ணாம்பு மண்டி உள்ளே போனால் பம்பின் வால்வு அடைத்துக்கொள்ளும், சத்தம் மட்டும் வழக்கம்போல் கேட்கும்.

குளோரின் நீரோடு கலந்து வேலை செய்யும் தொடுகைத் தொட்டிதான் பல இடங்களில் ஏமாற்று. அந்த 50 கனமீற்றரின் சராசரிப் பாய்ச்சலுக்கு ஒரு கனமீற்றர் தொட்டி அரை மணி நேரம் தரும். காலைக் குளியல் நேரத்தில் பாய்ச்சல் மூன்று மடங்கானால் பத்து நிமிடம்கூடத் தேறாது. தடுப்புச் சுவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. உள்வாயில் கொஞ்சம் சாயம் ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள்; சுவரோரம் ஒரு கோடாக ஓடி வெளிவாயில் தலைகாட்டும் நேரம்தான் உண்மையான நேரம். குளோரினுக்குப் பதில் புற ஊதா விளக்கு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். ஆனால் கலங்கல் நீரில் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும், குவார்ட்ஸ் உறையில் இரும்புக்கறை படியும், கரண்ட் போனால் எல்லாமே நின்றுவிடும்.

நானு ஓயாவில் விழும் நீர் கொத்மலை ஓயா, மகாவலி வழியே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. ஐரோப்பாவின் 2006ஆம் ஆண்டுக் குளியல்நீர் விதிப்படி, 'மிகச் சிறந்த' கடற்கரை நீரில் 100 மில்லிலீற்றருக்கு மலக்கிருமியான ஈ.கோலை 250 வரை, ஆற்றுநீரில் 500 வரை. கடலில் உப்பும் வெயிலும் கிருமியைக் குறைக்கும். நம் குழாய்க்குக் கொஞ்சம் கீழே, பனிமூட்டத்தில் ஓயாவில் குளிப்பவருக்கு அந்த உதவி இல்லை. ஆகவே 250ஐயே பிடிப்பது நல்லது.

மீன் சாகாமலிருக்க, விடுமுன் மிச்சக் குளோரினின் ஒன்றரை மடங்கு, குளோரினை நீக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் போடுங்கள். அதைப் பிளீச்சிங் பவுடருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆய்வுக்கான மாதிரிப் போத்தலில் குளோரினை அடக்கும் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்டி போய்ச் சேரும்வரை குளோரின் போத்தலுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும், அறிக்கையும் அழகாக வரும்.